அக்குளில் வைத்த பழந்துணி

வேதபாடம்
வாசிக்கவேண்டிய பகுதி: எரேமியா 38:1-13, 39:15-18



ராட்டினம் இல்லாத கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்கிறீர்களா? வெறுங்கையால் பத்து வாளி இறைத்துப் பாருங்கள். கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து சாப்பிடவும் முடியாது, எரியும். கையே இப்படி என்றால், ஒரு ஆளின் முழுப்பாரமும் இரண்டு அக்குளில் தொங்க, அவரைக் கயிறு கட்டித் தூக்கினால் எப்படி இருக்கும்? இந்த மாதம் நாம் படிக்கப்போகிற பாடம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. எரேமியா 38-ஆம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவதை நம்பிக்கொண்டு வேதத்தை மூடி வைத்துவிடாதீர்கள்.

முதலில் காலத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யோயாக்கீன் ராஜாவைச் சிறையாகக் கொண்டுபோனான். அப்போதே கர்த்தருடைய ஆலயத்தின் பொக்கிஷங்களையும் ராஜாவின் அரமனைப் பொக்கிஷங்களையும் வாரிக்கொண்டு போய்விட்டான் (2 இராஜா. 24:13). இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அவன் இடத்தில் வைக்கப்பட்டவன் சிதேக்கியா. ராஜாவாகும்போது வயது 21. பதினோரு வருஷம் ஆண்டான். ஒன்பதாம் வருஷம் பத்தாம் மாதத்தில் பாபிலோன் சேனை திரும்பி வந்து முற்றிக்கை போட்டது. நடுவில் எகிப்திலிருந்து சேனை வருகிறது என்று கேட்டுக் கொஞ்சநாள் விலகிப்போனார்கள், மறுபடியும் வந்தார்கள். ஆக ஏறக்குறைய ஒன்றரை வருஷம். ஊருக்குள்ளே அப்பம் இல்லை.

அந்த நாட்களில் எரேமியா தீர்க்கதரிசி காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். ரொட்டி சுடுகிறவர்களின் தெருவிலிருந்து நாளுக்கு ஒரு அப்பம் அவருக்கு வந்துகொண்டிருந்தது (37:21). யோசியா ராஜாவின் 13-ஆம் வருஷத்தில் ஊழியத்துக்கு அழைக்கப்பட்டவர். நாற்பது வருஷ ஊழியம் முடிகிற நேரம். சின்னப்பிள்ளை என்று சொல்லித் தயங்கினவருக்கு இப்போது தலை நரைத்திருக்கும். பட்டினி உடம்பு.

நகரத்தில் இருந்தால் சாவு, வெளியே போய்ச் சரணடைந்தால் பிழைப்பு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது நாலு பிரபுக்களுக்குப் பிடிக்கவில்லை. செப்பத்தியா, கெதலியா, யூகால், பஸ்கூர். நாலு பேருக்கும் தகப்பன் பேரோடு வேதம் பேர் சொல்லுகிறது. ராஜாவிடம் போய், இவன் யுத்த மனுஷருடைய கைகளைத் தளரப்பண்ணுகிறான், கொல்லவேண்டும் என்றார்கள். சிதேக்கியா என்ன செய்தான் தெரியுமா? உங்களுக்கு விரோதமாக ராஜாவால் என்ன செய்யமுடியும் என்று கையை விரித்துவிட்டான். சிங்காசனத்தில் இருக்கிறவன் பேசுகிற பேச்சா இது! அவர்கள் எரேமியாவைக் கொண்டுபோய் மல்கியாவின் துரவிலே இறக்கிவிட்டார்கள்.

துரவு என்றதும் நமக்கு வயல்காட்டில் படிக்கட்டு வைத்த பெரிய கிணறு ஞாபகம் வரும். இது அப்படியல்ல. எருசலேமில் ஆறு கிடையாது. மழைத்தண்ணீரைச் சேர்த்துவைக்கப் பாறையில் குடைந்த தொட்டிகள்தான் அதிகம். மேலே வாய் குறுகலாக இருக்கும், உள்ளே போகப்போக அகலமாக, குடுவை மாதிரி. சுவரெல்லாம் சுண்ணாம்பு பூசி வழுவழு என்றிருக்கும். பிடித்து ஏறவே முடியாது. தண்ணீர் வற்றினால் அடியில் சேறு நிற்கும். எரேமியா அந்த உளையில் அமிழ்ந்தார் என்று வாசிக்கிறோம்.

இப்போதுதான் நம்முடைய ஆள் வருகிறான். எபெத்மெலேக். எத்தியோப்பியன். வேதத்தில் கூஷ் என்று வருகிற தேசம், எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடான் பக்கம். அவன் ராஜாவின் அரமனையில் வேலைசெய்கிறவன். அவனுடைய பதவிக்கு எபிரெயுவில் வருகிற வார்த்தைக்கு அண்ணகன் என்றும் அதிகாரி என்றும் இரண்டு அர்த்தமும் உண்டு. எபெத்மெலேக் என்றாலே "ராஜாவின் வேலைக்காரன்" என்றுதான் அர்த்தம். தாய்தகப்பன் வைத்த பேர் அதுதானோ, அரமனையில் கூப்பிட்ட பேரோ! பிரபுக்களுக்குத் தகப்பன் பேர் எழுதியிருக்கிறது, இவனுக்கு அதுவும் இல்லை.

அவன் அரமனையை விட்டுப் புறப்பட்டு, பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருந்த ராஜாவிடம் நேரே போனான். இந்த மனுஷர் செய்தது தகாத காரியம், அவர் அங்கே பசியினால் சாவார் என்று எடுத்துச் சொன்னான். ஊர்வாசல் நாலுபேர் கூடுகிற இடம். அங்கே நின்று பிரபுக்களுக்கு விரோதமாகப் பேசுகிறான், அதுவும் அந்நியன்! அதே ராஜா, அன்றைக்கு என்னால் முடியாது என்றவன், முப்பதுபேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தூக்கிவிடு என்று உத்தரவு கொடுத்தான்.

சாதாரணமாக நாம் இந்த இடத்தில் பிரசங்கத்தை முடித்துவிடுவோம். "தைரியமாய் நின்றான், தீர்க்கதரிசியைக் காப்பாற்றினான், அல்லேலூயா!" நானும் அப்படித்தான் பலதடவை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் 11-ஆம் வசனத்தை மெதுவாய் வாசியுங்கள். உத்தரவு கையில் இருக்கிறது. ஆள் முப்பதுபேர் கூட இருக்கிறார்கள். உள்ளே கிழவர் சேற்றில் அமிழ்ந்துகொண்டிருக்கிறார். ஓடவேண்டிய நேரம். எபெத்மெலேக் எங்கே போகிறான்? அரமனைக்குத் திரும்பிப்போகிறான்! பொக்கிஷ அறைக்குக் கீழே இருந்த ஒரு இடத்துக்குப் போய், கந்தைகளையும் கிழிந்த பழந்துணிகளையும் பொறுக்கி எடுக்கிறான்.

எதற்கு? கயிறு அறுக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எலும்பும் தோலுமாய் இருக்கிற மனுஷன். சேறு காலைப் பிடித்து உள்ளே இழுக்கும், மேலே முப்பதுபேர் பிடித்து இழுக்கவேண்டும். நடுவில் அந்த அக்குள் என்ன பாடு படும்! அதை யோசித்துப் பார்த்திருக்கிறான்.

அடுத்ததைப் பாருங்கள். பழந்துணியை மேலேயிருந்து தூக்கிப் போட்டுவிடவில்லை. போட்டிருந்தால் சேற்றில் விழுந்து ஊறிப்போயிருக்கும். அதைக் கயிறுகளிலே கட்டி இறக்கினான். இறக்கிவிட்டுப் பேசினான். இந்தத் துணிகளை அக்குளில் வைத்து, அதற்குமேல் கயிறு வரும்படி போட்டுக்கொள்ளும் என்று விவரம் சொன்னான். இருட்டில், நாற்றத்தில், செத்துப்போவோம் என்று இருக்கிற ஒருவருக்கு மேலேயிருந்து இப்படி ஒரு குரல் கேட்டால் எப்படி இருந்திருக்கும்! திட்டுகிற குரல் அல்ல, உபதேசமும் அல்ல. "இப்படி வச்சுக்குங்க, வலிக்காது."

இன்னொன்று. பிரபுக்களும் எரேமியாவைக் கயிற்றினால்தான் இறக்கினார்கள் (38:6). ஏற்றினவனும் கயிற்றினால்தான் ஏற்றினான். உடம்பை அறுக்கிற விஷயத்தில் கயிற்றுக்கு சத்துரு, சிநேகிதன் என்று தெரியாது. இரண்டு கயிற்றுக்கும் நடுவே வித்தியாசம் அந்தக் கந்தைத்துணிதான்.

அந்தத் துணி இருந்த இடத்தையும் கவனியுங்கள். பொக்கிஷ அறைக்குக் கீழே! பத்து வருஷத்துக்கு முன்னேயே அரமனைப் பொக்கிஷத்தைப் பாபிலோன்காரன் கொண்டுபோய்விட்டான் என்று பார்த்தோமே. மேலே இருந்த பொன் போயிற்று. கீழே கிடந்த கந்தையை எவன் கொள்ளையடிப்பான்? அது மிஞ்சியிருந்தது. அந்தக் கந்தைகளைக் குறிக்க எபிரெயுவில் வருகிற வார்த்தைகள் வேதத்தில் வேறெங்கும் வருவதில்லை என்பதும் விசேஷம். வேதம் வேறு எந்த இடத்திலும் பேசாத ஒரு அற்பமான சாமான், ஒரு நாள் பிரயோஜனப்பட்டது.

நம்முடைய தாய்மாருக்கு இது நன்றாகப் புரியும். தலையில் புல்லுக்கட்டோ குடமோ வைக்கிறதற்கு முன்னே சும்மாடு கூட்டுவார்கள் அல்லவா? பழைய துண்டு, கிழிந்த சேலைத்தலைப்பு. சும்மாடு பாரத்தைக் குறைக்காது, ஒரு பிடி எடையும் எடுக்காது. ஆனாலும் அது இல்லாமல் நடக்கமுடியாது. எபெத்மெலேக் செய்ததும் அதுதான். எரேமியாவின் பாடு அதோடு தீர்ந்துவிடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். துரவிலிருந்து வெளியே வந்த எரேமியா மறுபடியும் காவற்சாலையின் முற்றத்தில்தான் இருந்தார். முற்றிக்கை நீங்கவில்லை, பஞ்சம் போகவில்லை. அக்குள் அறுபடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் கதையை ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. சொல்ல வெட்கமாய் இருக்கிறது, இருந்தாலும் சொல்லுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னே, ஐப்பசி அடைமழையில் நம் சபையில் ஒரு சகோதரியின் வீட்டுச்சுவர் விழுந்தது. புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகன். உதவிசெய்யவேண்டும் என்று சபையில் சொன்னேன். ஜனங்கள் மனப்பூர்வமாய்க் கொடுத்தார்கள். 25 கிலோ அரிசி, இரண்டு சேலை, பையனுக்குச் சட்டைத்துணி, கையில் கொஞ்சம் பணம். நல்ல காரியம்தானே? ஞாயிறு ஆராதனையில் அந்தச் சகோதரியை முன்னே கூப்பிட்டேன். மகனையும் பக்கத்தில் நிறுத்தினேன். மைக்கைப் பிடித்து அவர்கள் கஷ்டத்தை விவரமாய்ச் சொன்னேன். யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று பட்டியலும் வாசித்தேன். ஒரு தம்பி போட்டோ எடுத்தான். சகோதரியை இரண்டு வார்த்தை சாட்சி சொல்லச் சொன்னேன். அவர்கள் தலை குனிந்தபடியே ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னார்கள். சபையார் கைதட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போனேன். கோபமாய்ப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இத்தனை செய்தும் இப்படியா என்று ஒரு நினைப்பு. சுவர் இருந்த இடத்தில் தென்னங்கீற்று கட்டியிருந்தது. பாய் விரித்து உட்காரச்சொன்னார்கள். காப்பி கொடுத்தார்கள். பிறகு மெதுவாய், "பாஸ்டரய்யா, அரிசி நல்ல அரிசிதான். குறையே இல்ல. ஆனா பள்ளிக்கூடத்துல பசங்க இவன பிச்சக்காரன்னு கூப்பிடுறாங்களாம். சபைக்கு வரமாட்டேன்னு அழுவுறான். அவன தனியா விட்டுட்டு நான் எப்படி வர?" என்றார்கள்.

எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு அம்மா ஒரு தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தார்கள். சபைக்கு வருகிறவர்கள் அல்ல. நெற்றி நிறைய விபூதி. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி, "மாவு கூட ஆட்டிட்டேன்டி, நாளைக்குப் புளிச்சிடும், நீ பாதி எடுத்துக்க" என்று சொல்லிச் சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சகோதரி சிரித்தார்கள். மழை விழுந்த நாளிலிருந்து அந்த அம்மாவுக்கு மாவு தினமும் கூடிப்போகிறதாம்!

நான் கயிறு கொடுத்தேன். நல்ல கெட்டியான கயிறு, 25 கிலோ! பழந்துணி வைத்தது அந்த அம்மா.

வேதத்தை அறியாத அந்தத் தாய் செய்ததைத்தான் போவாசும் செய்தான் என்பது அன்றைக்கு இராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது. ரூத் 2:15, 16 பாருங்கள். கதிர் பொறுக்க வந்த மோவாபியப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு மூட்டை கோதுமையைத் தூக்கிக் கொடுக்க அவனால் முடியாதா? அவன் தன் வேலைக்காரரிடம், அரிக்கட்டுகளிலிருந்து அவளுக்காகக் கொஞ்சம் வேண்டுமென்றே சிந்திவிடுங்கள், அவள் பொறுக்கும்போது அதட்டாதிருங்கள் என்று சொல்லிவைத்தான். அவளுக்கு அது சிந்தின கதிர், தானே குனிந்து பொறுக்கின கதிர். சாயங்காலம் அவள் தட்டி அடித்தது ஏறக்குறைய ஒரு எப்பா அளவு வாற்கோதுமை என்று வேதம் சொல்லுகிறது. அத்தனையையும் மாமியாரிடம் தலை நிமிர்ந்து கொண்டுபோனாள்.

தேவபிள்ளைகளே, நாம் உதவிசெய்யாதவர்கள் அல்ல. நம் சபைகளில் கொடுக்கிற கைகள் நிறைய உண்டு. நம்முடைய குறை வேறு இடத்தில். கொடுத்தவுடனே சாட்சி கேட்கிறோம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைப் பார்க்கப்போய், தலைமாட்டில் நின்று, எந்தப் பாவத்தினால் வந்தது என்று ஆராய்கிறோம். துக்கவீட்டில் முக்கால்மணி நேரம் பிரசங்கம் செய்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் காலையிலிருந்து ஒருவாய் காப்பி குடித்தார்களா என்று கேட்க ஆளில்லை. கடன் கொடுத்தவர், கடன் வாங்கினவர் பாட்டுப் பாடும்போது அவர் கழுத்துச் சங்கிலியைப் பார்க்கிறார். (நம் பத்திரிகையிலும் உதவிபெறுகிறவர்களின் முகம் தெரிய போட்டோ போட்டிருக்கிறோம். அதில் என் பங்கும் உண்டு.)

பழந்துணி என்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. ஆஸ்பத்திரியில் புருஷனைப் பார்த்துக்கொள்கிற சகோதரியிடம், "நீங்க இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்குங்க, நான் இருக்கேன்" என்று சொல்லி ஒரு துண்டை விரித்து வராந்தாவில் படுத்துக்கொள்வது. பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் மார்க்கைப் பற்றிக் கேட்காமல் கூட உட்கார்ந்து சாப்பிடுவது. வேலை போனவரிடம் "வேலை கிடைச்சுதா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்காமல் இருப்பதும்கூட ஒரு பழந்துணிதான், அது கேட்பாரை அறுக்கிற இடம் உங்களுக்குத் தெரியாது. எங்கே அறுக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவேண்டும். எபெத்மெலேக் யோசித்தானே, அதுபோல. ஜெபத்தில் அப்படி யோசிக்கலாம். பேரைச் சொல்லி, அந்த ஆள் காலையிலிருந்து இராத்திரிவரை என்னென்ன செய்வார் என்று ஒன்றன்பின் ஒன்றாய் ஆண்டவர் சமுகத்தில் நினைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் வலிக்கும் என்று அவர் காட்டுவார்.

அந்த வேலைக்காரனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? 39-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. எரேமியா இன்னும் காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கும்போதே, எபெத்மெலேக்குக்கென்று தனியாக ஒரு வார்த்தை கர்த்தரிடத்திலிருந்து வந்தது. நகரத்துக்குத் தீங்கு வரும், ஆனால் அவன் பயப்படுகிற மனுஷரின் கையில் ஒப்புக்கொடுக்கப்படமாட்டான், பட்டயத்தால் விழமாட்டான், அவன் கர்த்தரை நம்பினதினால் அவன் பிராணன் தப்பும் என்று. அங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அவன் பயந்துகொண்டிருந்தான்! நாம் அவனைப் பயமறியாத வீரன் என்று பிரசங்கிக்கிறோம். கர்த்தருக்கு அவன் பயம் தெரிந்திருக்கிறது. பயத்தோடேதான் வாசலுக்குப் போனான், பயத்தோடேதான் கந்தை பொறுக்கினான்.

நகரம் விழுந்தது. சிதேக்கியா ஓடிப்போய்ப் பிடிபட்டான். ரிப்லாவில் அவன் குமாரரை அவன் கண்முன்னே வெட்டி, யூதாவின் பிரபுக்களையும் வெட்டி, பிறகு அவன் கண்களைக் குருடாக்கினார்கள். வயது முப்பத்திரண்டு.

அந்த நாலு பிரபுக்களைப் பற்றி ஒரு செய்தி. எருசலேமில் தாவீதின் நகரம் என்ற பகுதியில் எய்லாத் மசார் என்ற தொல்லியல் அம்மையார் தோண்டும்போது, 2005-இல் ஒரு களிமண் முத்திரை கிடைத்தது. விரல்நகம் அளவுதான். செலேமியாவின் குமாரன் யூகாலின் பேர் அதில் இருந்தது. 2008-இல் சில மீட்டர் தூரத்தில் இன்னொன்று, பஸ்கூரின் குமாரன் கெதலியாவின் பேரோடு. எரேமியா 38:1-இல் வருகிற அதே இரண்டு பேர்கள்! எபெத்மெலேக்குக்கு முத்திரை எதுவும் கிடைக்கவில்லை. அவன் கையாண்டது துணி. துணி மண்ணில் மக்கிப்போகும்.

புதன்கிழமை வீட்டுக்கூட்டங்களில் இந்தப் பாடத்தை எடுக்கிறவர்கள் இரண்டு அதிகாரங்களையும் முழுவதும் வாசிக்கவைத்து, பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் துரவில் இருந்த நாளில் உங்களுக்குப் பழந்துணி இறக்கினது யார்? பெரிய உதவியை அல்ல, அதைக் கேளுங்கள். அவசரப்படுத்தவேண்டாம். சிலருக்கு ஞாபகம் வர நேரமாகும், சிலருக்கு அழுகை வரும். அந்த ஆள் உயிரோடிருந்தால் அந்த வாரத்தில் ஒரு கடிதமாவது போடச்சொல்லுங்கள்.

அந்தச் சகோதரியிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். பையனிடமும் கேட்டேன், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சகோதரி ஒரு மாதம் கழித்துச் சபைக்கு வந்தார்கள், கடைசிப் பாயில் உட்கார்ந்தார்கள். பையன் வர ஒரு வருஷம் ஆயிற்று. அவனைக் கொண்டுவந்தது என் பிரசங்கம் அல்ல. நம் சபையில் டோலக் வாசிக்கிற தம்பி ஒருநாள் அவர்கள் வீட்டுப்பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், "டேய், டோலக்கையும் வச்சிக்கிட்டு சைக்கிள் ஓட்ட முடியல, பின்னாடி உக்காந்து பிடிச்சிக்கிட்டு வர்றியா?" என்று கேட்டிருக்கிறான். அதற்கு முன்னே அத்தனை வருஷமும் அந்த டோலக்கை அவன் ஒற்றைக்கையால் பிடித்துக்கொண்டே ஓட்டிவந்தவன்.